சின்னாத்தாளுக்கு ஒரு முகம்

தம்பி, தப்பா நினைக்காதீங்க. பக்கத்துல உக்காந்திருக்கிறவர் போனை எட்டிப் பாக்கறது நாகரிகம் இல்லைதான். ஆனா ஆரப்பாளையத்துல பஸ் எடுத்ததுல இருந்து பாக்கறேன், நீங்க ஏதோ எழுதறீங்க, அது படமா வந்து விழுது. அதைப் பாத்துட்டு என்னால வாயை மூடிக்கிட்டு வர முடியலை. மயில்நீலக் கலர்ல இருக்குமே, அந்த ஆப்தானே அது? நினைச்சேன். ஓசியா, சந்தா கட்டியிருக்கீங்களா? ஓசின்னா நாலு படம் போட்டுட்டு நாளைக்கு வான்னு சொல்லிரும். நான் சந்தா கட்டினவன். எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை சாமி கேட்டாலும் போட்டுத் தரும்.

ஆமா, சாமிதான். நீங்க ஆபீஸ் வேலைக்குப் போடுவீங்க. நான் போட்டது எங்க குலசாமியை.

நான் சாத்தூர்ல பெயின்ட் கடை வச்சிருக்கேன். அழகுமலைன்னு பேரு. முப்பத்தொரு வருசமா கலர் கலக்கற கை இது. அதனால எனக்கு ஆப்போட பேரெல்லாம் வாயில நுழையாது, கலரை வச்சுத்தான் சொல்லுவேன். மயில்நீல ஆப் ஒண்ணு, செங்காவி ஆப் ஒண்ணு. ரெண்டையும் ரெண்டு மாசம் கரைச்சுக் குடிச்சிருக்கேன். எது நல்லதுன்னு யாராச்சும் கேட்டா நான் சொல்றது ஒண்ணுதான். எதை வேணும்னாலும் வச்சுக்க, ஆனா ஆப்பைத் திறந்து வச்சுட்டுப் போனை வீட்டம்மா கையில மட்டும் குடுத்துட்டுப் போகாதே. அதுல பட்டவன் சொல்றேன்.

திருப்பூர் வரைக்கும்தானே நீங்களும்? அப்ப சொல்றேன், நேரம் இருக்கு.

எங்க குலசாமி புளியநேந்தல்ல இருக்கு. சாத்தூர்ல இருந்து பதினாலு கிலோமீட்டர். சின்னாத்தான்னு சொல்லுவோம். சிலை கிடையாது, பீடம் கிடையாது. ஒரு ஓலைப்பெட்டி, அதுக்குள்ள ஒரு சீலை. அவ்வளவுதான் சாமி. மாசி சிவராத்திரிக்குப் பெட்டியைத் தூக்கிட்டு வந்து கண்மாய்க்கரையில வச்சுக் கும்பிடுவோம். பொங்கல் வைப்போம், கிடா வெட்டுவோம், திரும்பக் கொண்டுபோய் வச்சிருவோம். பெட்டியைத் திறந்து பாக்கக் கூடாது.

யாரு சின்னாத்தான்னு கேட்டா, எங்க வீட்டுப் பொண்ணுதான். ஏழெட்டுத் தலைமுறைக்கு முந்தி. வேற ஆளுங்க பையனோட போயிட்டா. அண்ணன்மாரு அஞ்சு பேரு போயி நயமாப் பேசிக் கூட்டிட்டு வந்து, கண்மாயில அமுக்கிட்டாங்க. அப்புறம் மூணு வருசம் மழை இல்லை. மாடுகன்னு எல்லாம் செத்துச்சு. கோடாங்கியைக் கூப்பிட்டுக் குறி கேட்டா, நான்தாண்டா வந்து நிக்கிறேன், எனக்கு ஒரு சீலை எடுத்து வைங்கடான்னு சொல்லுச்சாம். வச்சாங்க, மழை பேஞ்சுச்சு. அன்னையில இருந்து சாமி. ஏன் முகத்தை அப்படி வச்சுக்கிறீங்க? எல்லாக் குலசாமிக்கும் இப்படி ஏதாச்சும் ஒண்ணு இருக்கும் தம்பி. ரொம்பக் கிளறக் கூடாது.

இந்த வருசம் கோயிலுக்குப் புதுசா மண்டபம் கட்டி முடிச்சிருக்கோம். சிவராத்திரிக்குப் பத்திரிகை அடிக்கணும், பஸ் ஸ்டாண்டுல பிளெக்ஸ் வைக்கணும். பக்கத்து ஊர்க்காரனுக்குக் குதிரை மேல அருவாளோட சாமி இருக்கு, பிளெக்ஸ்ல எடுப்பா நிக்குது. நாங்க ஓலைப்பெட்டியைப் போட்டா, ஏதோ கருப்பட்டி யாவாரம்னு நினைப்பாங்க. அதனால ஆத்தாளுக்கு ஒரு முகம் வேணும்னு கமிட்டில முடிவு பண்ணி, அந்தப் பொறுப்பை என்கிட்டக் குடுத்தாங்க. நான்தான் விழாக் கமிட்டிச் செயலாளர்.

அந்தப் பதவி சும்மா வரலை. அதையும் சொல்லணும், சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

எனக்கு ஒரே மக. மீனா. மூணு வருசத்துக்கு முந்தி, கூட வேலை பாத்த பையனைக் கட்டிக்கிட்டா. வேற ஆளுங்க. இப்ப திருப்பூர்ல இருக்காங்க. நல்ல பையன்னு சொல்றாங்க, எனக்குத் தெரியாது, நான் விசாரிக்கலை. ஏத்துமதிக் கம்பெனியில இருக்கான், குடி கிடையாது, ரெண்டு அக்கா, ரெண்டு பேரையும் கட்டிக் குடுத்தாச்சு, அப்பா தாராபுரத்துல வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவர், சுகர் இருக்கு. மத்தபடி அந்தக் குடும்பத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது.

பங்காளிங்க என்னைத் தள்ளி வச்சுட்டாங்க. சிவராத்திரிக்குப் போவேன், திருநீறுத் தட்டு வரிசையா வரும், என்கிட்ட வந்ததும் என்னைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போயிரும். நீட்டின கையை நான் அப்படியே தலைமுடியைக் கோதற மாதிரி கொண்டுபோவேன். முடி எங்க இருக்கு, பாக்கறீங்கள்ல? மூணு சிவராத்திரி இப்படி. அந்த வலி உங்களுக்குத் தெரியாது தம்பி. ஊருக்குள்ள ஒருத்தன் செத்த மாதிரிதான் அது, ஆனா தினமும் கடை திறக்கணும்.

அவ போன புதுசுல ரெண்டு பேரு கடைக்கு வந்தாங்க. ஒருத்தன் எங்க சித்தப்பா மகன் தவசிலிங்கம். அண்ணே, நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, மத்ததை நாங்க பாத்துக்கறோம்னான். எந்திரிச்சு வெளியே போங்கடான்னு சொல்லிட்டேன். அந்த அளவுக்கு நான் கெட்டவன் இல்லை. அதை நீங்க மனசுல வச்சுக்கணும்.

போன ஆடி மாசம் பங்காளிங்களே கூப்பிட்டு விட்டாங்க. பெட்டி முன்னால சூடம் ஏத்தி, எனக்கு மக இல்லைன்னு சொல்லிச் சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு, சேத்துக்கறோம்னாங்க. பண்ணினேன். ஒரு நிமிச வேலை. உள்ளங்கையில லேசாச் சுட்டுச்சு, வேற ஒண்ணும் இல்லை. அன்னைக்கே திருநீறு குடுத்தாங்க, அடுத்த கூட்டத்துலயே செயலாளர் ஆக்கிட்டாங்க. ஏன்னா கமிட்டில போன்ல தமிழ் அடிக்கத் தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான். வீட்டுக்கு வந்து இந்திராணிகிட்டச் சொன்னேன். இந்திராணி என் சம்சாரம். தயிர் ஊத்தவான்னு கேட்டா. நல்ல பொம்பளை, பெருசா எதையும் மனசுல வச்சுக்க மாட்டா.

சரி, ஆப்புக்கு வருவோம்.

முதல்ல மயில்நீலத்துல, எங்க குலதெய்வம் சின்னாத்தா, படம் போடுன்னு எழுதினேன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போட்டுருச்சு. பனிமலை, அதுமேல ஒரு அம்மா, எட்டுக் கை, பக்கத்துல புலி. உடம்பு கலர் சுத்தச் சுண்ணாம்பு. புளியநேந்தல்ல ஏது பனி, ஏது புலி? கரிசக்காடு, கண்மாய், வேலிக்கருவைன்னு எழுதினேன். மன்னிக்கவும், இதோ திருத்திவிட்டேன்னு சொல்லுச்சு. தம்பி, எங்க பங்காளி வகையறாவுல நூத்தி நாப்பது தலைக்கட்டு இருக்கு. அதுல ஒருத்தன் வாயில இருந்து மன்னிக்கவும்னு நான் கேட்டதில்லை. அந்த இடத்துலயே எனக்கு அந்த ஆப்பைப் பிடிச்சுப்போச்சு. சந்தா கட்டினது அதுக்குத்தான்.

புலியை எடுத்துட்டு ஆட்டுக்குட்டி வையின்னேன். வச்சுச்சு, ஆனா ஆத்தா அதுமேல ஏறி உக்காந்திருக்கா. ஆட்டுக்குட்டிக்கு முழி பிதுங்குது. இறக்கி விடுன்னா, ஆத்தாளை இறக்கிவிட்டு ஆட்டுக்கு எட்டுக் கை போட்டுருச்சு. கலர் மாத்துன்னா சேடு கார்டைக் கையில வச்சுக்கிட்டு நானே சொல்லணும். எங்க கார்டுல காப்பிக்கொட்டைன்னு ஒரு சேடு இருக்கு, அதுல பாலு ரெண்டு சொட்டு விட்ட மாதிரின்னு எழுதினேன். ஆத்தா கையில ஒரு காப்பி டம்ளர் வந்துருச்சு. இப்படிக் கார்த்திகை மாசம் பூரா போச்சு. கடையில வெள்ளையடிக்க வந்தவனுக்கு நான் இளநீலம் குடுத்து அனுப்பின நாளெல்லாம் உண்டு.

இதுக்குள்ள தவசி செங்காவி ஆப்ல ஒண்ணு போட்டுட்டான். ஓசி ஆப். சீலைக்கட்டு, கண்டாங்கி, காதுல தண்டட்டி எல்லாம் அச்சா வந்திருந்துச்சு, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா முகம் சினிமாக்காரி முகம், உதட்டுல சாயம், இடது கையில ஆறு விரல். தவசிகிட்டச் சொன்னா, ஆறாவது விரல்தாண்ணே ஆத்தாளோட சக்தின்னுட்டான். படத்துக்குக் கீழ அருள்மிகு சின்னாத்தா துணைன்னு எழுதச் சொல்லியிருக்கான். அந்த ஆப் எழுதினது தமிழும் இல்லை, வேற எதுவும் இல்லை, புழு நெளியற மாதிரி நாலு கோடு. கமிட்டில மூத்தவர் சுப்பு நாட்டாமை அதைக் கண்ணாடி போட்டுப் பாத்துட்டு, இது கல்வெட்டு எழுத்துடா, ஆத்தா காலத்துத் தமிழுன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாரு.

பங்காளிங்க வாட்ஸப் குரூப் ரெண்டாப் பிரிஞ்சிருச்சு. ஆறு விரல் கட்சி, ஆட்டுக்குட்டி கட்சி. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்னுச்சு. ஒரு வீட்டுல காது குத்துக்கு ஆட்டுக்குட்டி கட்சிக்குப் பத்திரிகையே வைக்கலை. சிரிக்கிறீங்க. அங்க இருந்திருந்தா சிரிக்க மாட்டீங்க. எனக்கு அதுல மானப் பிரச்சினை. மூணு வருசம் கழிச்சு உள்ள விட்டிருக்காங்க, முதல் வேலையே சொதப்புனா, இவன் மக போனப்பவே இவன் லட்சணம் தெரிஞ்சதுதானேன்னு தவசி பேசுவான். அவன் ஏற்கனவே பேசிட்டும் இருந்தான்.

அப்புறம் மயில்நீலமே ஒருநாள் என்கிட்டக் கேள்வி கேட்டுச்சு. அவங்க வயசு என்ன, முகம் வட்டமா நீளமா, என்ன உயரம், சிரிச்சா எப்படி இருப்பாங்கன்னு. நான் அதைக் கூட்டத்துல எடுத்து வச்சேன். யாருக்காச்சும் தெரியுமான்னு. தம்பி, அஞ்சு அண்ணன்மாரு பேரும் எங்க ஆளுங்களுக்கு மனப்பாடம். யாரு கையைப் பிடிச்சது, யாரு காலைப் பிடிச்சது, எந்தத் துறை, என்ன கிழமை, எல்லாம் சின்னப் பயலுகூடச் சொல்லுவான். முகம் எப்படின்னா ஒருத்தனுக்கும் தெரியலை. நிஜப் பேருகூடத் தெரியலை. சின்னாத்தாங்கறது நாங்க வச்சது. நான் வயசு பதினெட்டுன்னு குத்துமதிப்பா எழுதி அனுப்பினேன். நன்றின்னு சொல்லிட்டு மறுபடி புலியைக் கொண்டாந்து விட்டுருச்சு.

கடைசில பூசாரி ஒச்சப்பன்தான் வழி சொன்னாரு. நீங்க ஏண்டா அடிச்சுக்கறீங்க, ஆத்தாகிட்டயே கேப்போம், பூக்கட்டிப் பாப்போம்னாரு. உங்க பக்கம் உண்டா அந்தப் பழக்கம்? ஒரு காரியத்துக்கு உத்தரவு வேணும்னா, ஒரே மாதிரி இலைப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால போட்டு, விவரம் தெரியாத பிள்ளையை விட்டு ஒண்ணை எடுக்கச் சொல்றது. எது வருதோ அது சாமி வாக்கு. அதுக்கு மேல அப்பீல் கிடையாது. மூணு பொட்டலம்னு முடிவாச்சு. ஒண்ணுல மயில்நீலப் படம், ஒண்ணுல செங்காவிப் படம், மூணாவதுல வெறும் வெள்ளைப் பூ. வெள்ளைப் பூ வந்தா ஆத்தாளுக்கு ரெண்டு ஆப்பும் வேண்டாம்னு அர்த்தம், பழைய ஓலைப்பெட்டியே போதும்.

ஒரு ஆப் நல்லதா இன்னொண்ணு நல்லதான்னு சாமிகிட்டயே கேட்டவங்க உலகத்துல நாங்க மட்டும்தான் இருப்போம்.

தை வெள்ளிக்கிழமை நாள் குறிச்சாச்சு. முந்தின நாள் எனக்கு விருதுநகர்ல டீலர் மீட்டிங். ஆட்டுக்குட்டி இல்லாம, எட்டுக் கை இல்லாம, ஓரளவு மனுசி மாதிரி ஒரு படம் கடைசியா வந்திருந்துச்சு. இந்திராணியைக் கூப்பிட்டு, போனைக் கையில குடுத்து, இந்தா, இதான் ஆப், இதான் படம், ஸ்டுடியோவுல குடுத்துப் பிரின்ட் போட்டு வாங்கி, இலையில வச்சு நார்ல கட்டி வையின்னு சொல்லிட்டுப் போனேன். சாயங்காலம் வந்தா பொட்டலம் சாமி மாடத்துல ரெடியா இருக்கு. போன்ல சார்ஜ் மட்டும் சுத்தமா இல்லை. நான் அதைப் பெருசா எடுத்துக்கலை.

மறுநாள் பெட்டி முன்னால மூணு பொட்டலத்தையும் போட்டாங்க. ஒச்சப்பன் பேத்தி, மூணு வயசு இருக்கும், தாவிப் போயி என் பொட்டலத்தைத் தூக்கிருச்சு. எனக்குக் கால் தரையில நிக்கலை தம்பி. தவசியை ஒரு பார்வை பாத்தேன். நம்ம ஆப் ஜெயிச்சிருச்சு, சந்தா கட்டினது வீண் போகலைன்னு மனசுக்குள்ள ஒரே மேளம்.

பூசாரி நாரை அவுத்துப் படத்தை எடுத்து எல்லாருக்கும் தெரியற மாதிரி தூக்கிக் காட்டினாரு.

அது நான் போட்ட படம் இல்லை.

கண்மாய்க்கரை. பச்சைச் சீலையில ஒரு பொண்ணு. ரெண்டே கைதான். புலி இல்லை, சூலம் இல்லை, நகை நட்டு இல்லை. ஒத்தைச் சடையை முன்னால விட்டுட்டு நேரா நம்மளைப் பாக்குது. கோவமாவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. என்னன்னு கேக்கற மாதிரி ஒரு பார்வை. இடது புருவத்துல குறுக்க ஒரு வெட்டு. தம்பி, அந்த வெட்டு என் கடையில ஆறு வயசுல மீனா மேல பிரைமர் டப்பா அடுக்கு சரிஞ்சப்ப பட்டது. நாலு தையல் போட்டு, நான்தான் மடியில வச்சிருந்தேன்.

பின்னால இருந்து யாரோ ஒரு பொம்பளை குலவை போட்டா. அவ்வளவுதான், எல்லாப் பொம்பளைங்களும் பிடிச்சுக்கிட்டாங்க. நாட்டாமை விழுந்து கும்பிட்டாரு. தவசியும் விழுந்தான். எந்திரிச்சுத் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு என் பக்கத்துல வந்து, அண்ணே, அந்தப் புருவம்னு இழுத்தான். எந்தப் புருவம்னு கேட்டேன். ஒண்ணும் இல்லைண்ணேன்னு போயிட்டான்.

புரியுதா உங்களுக்கு? அங்க இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவளைத் தூக்கி வளத்த கைங்கதான் பாதி. ஆனா இது அழகுமலை மகன்னு எவனும் சொல்ல முடியாது. ஏன்னா அழகுமலைக்கு மக இல்லை. அதே இடத்துல, அதே பெட்டி முன்னால, அவங்களே சூடம் ஏத்தி வாங்கின சத்தியம். இல்லாத மகளுக்கு ஏது மூக்கு, ஏது புருவம்?

ஒச்சப்பன் இருக்காரே, பெரிய ஆளு. அந்த வடுவைக் கையால தொட்டுக் காட்டி, பாத்தீகளா, கண்மாயில இறங்க மாட்டேன்னு ஆத்தா திமிறினப்ப மூத்த அண்ணன் கல்லால அடிச்ச வடு, எங்க தாத்தா சொல்லுவாருன்னு ஆரம்பிச்சுட்டாரு. பத்து நிமிசத்துல அந்த வடுவுக்கு ஒரு கதையே கட்டிட்டாரு. கேட்டு அழறாங்க எல்லாரும். நானும் கேட்டுக்கிட்டு நிக்கிறேன். அது பிரைமர் டப்பா, இருபது லிட்டர், அதை அங்க அடுக்கினவன் நான்தான்னு எப்படிச் சொல்றது? சொன்னா மக இருக்கான்னு ஆகிப்போகும். அதனால நானும் கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து குதிச்சேன். இந்திராணி முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தா. தலையைக்கூடத் தூக்கலை.

"மீனா போட்டோவை அந்த ஆப்ல குடுத்து, இவளைக் கண்மாய்க்கரையில நிக்க வச்சுப் பச்சைச் சீலை கட்டி விடுன்னேன், கட்டி விட்டுச்சு. நீங்கதான சொன்னீங்க, ஆத்தா நம்ம வீட்டுப் பொண்ணுன்னு."

நம்ம வீட்டுப் பொண்ணுன்னு சொன்னா அந்த அர்த்தமா? பொம்பளைங்களுக்கு இந்த ஆப்போட நுணுக்கம் எல்லாம் தெரியாது. ரெண்டு மாசம் நான் கண்மாய், கரிசக்காடு, காப்பிக்கொட்டைன்னு அவ்வளவு எழுதியும் வராதது, அவளுக்கு ஒரே தடவையில வந்துருச்சு. குருட்டு அதிர்ஷ்டம்.

பத்திரிகை அறுநூறு அடிச்சாச்சு. இந்தாங்க பாருங்க, எண்ணெய்க் கை இல்லையே? ஓரத்தைப் பிடிச்சுப் பாருங்க. அச்சுல கலர் கொஞ்சம் கூடிருச்சு, அவ இன்னும் ஒரு சேடு கம்மி. பஸ் ஸ்டாண்டுல பிளெக்ஸ் பன்னண்டு அடி. கரெக்டா என் கடைக்கு எதிர்ல வச்சிருக்கான் தவசி. காலையில ஷட்டரைத் தூக்கித் திரும்பினா அவ நிக்கிறா. என்னன்னு கேக்கற மாதிரி அதே பார்வை. செயலாளர் கும்பிடாமப் போனா நல்லாருக்குமா? கும்பிடறேன். போறவங்க வர்றவங்க சூடம் ஏத்தறாங்க. புள்ளை இல்லாத ஒரு அம்மா வந்து தொட்டில் கட்டிட்டுப் போச்சு. என் மகளுக்கு ஒரு புள்ளை இருக்காம், பதினோரு மாசம். நான் பாத்ததில்லை.

போன வாரம் கூட்டத்துல தவசி மெதுவா ஆரம்பிச்சான். அண்ணே, சிவராத்திரி நேரத்துல யாராச்சும் ஊருக்குள்ள வந்துட்டாங்கன்னா ஒரு மாதிரி ஆயிருமேன்னு. யாரு வந்துட்டான்னு கேட்டேன். யாரும் இல்லைண்ணேன்னான். எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. விசயம் புரிஞ்சுபோச்சு. சாமி பிளெக்ஸ்ல நிக்கறப்ப அதே சாமி இடுப்புல புள்ளையோட டவுன் பஸ்ல வந்து இறங்கினா, ஊரு தாங்காது. அதனால செயலாளருங்கற முறையில நான் நேர்லயே போயி, சிவராத்திரி முடியற வரைக்கும் இந்தப் பக்கம் வந்துராதேன்னு சொல்லிட்டு வந்துரலாம்னுதான் கிளம்பினேன். கமிட்டிக்கு ராமேஸ்வரம் போறேன்னு சொல்லியிருக்கேன்.

மூணு வருசமா வராதவகிட்ட, வராதேன்னு சொல்றதுக்கு எதுக்கு பஸ் ஏறணும்னு கேக்கறீங்க. போன்ல சொல்லலாமேங்கறீங்க. நீங்க படிச்சவரு, அப்படித்தான் கேப்பீங்க. சில விசயம் நேர்ல சொன்னாத்தான் மரியாதை.

பையா? அது இந்திராணி குடுத்து விட்டது. ஒரு பச்சைச் சீலை, ஒரு சின்னக் கவுனு, கொஞ்சம் சேவு. சாத்தூர்ச் சேவு அவளுக்கு உசுரு. நான் அதையெல்லாம் திறந்து பாக்கலை. சீலை நல்ல சீலைதான், பத்துக் கடை ஏறி இறங்கி, கலரு சரியா வர்ற வரைக்கும் நான்தான் எடுத்தேன்.

தாராபுரம் தாண்டிட்டோமா? அப்ப இன்னும் ஒரு மணி நேரம்தான்.

தம்பி, ஒரு உதவி. உங்க ஆப்ல எனக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க. என் போன்ல போட முடியும்தான், ஆனா இந்தச் சமாசாரத்தை என் கையால எழுத வரமாட்டேங்குது. ஒரு அப்பன், வயசு அம்பத்தெட்டு, மூணு வருசம் கழிச்சு மக வீட்டுக் கதவைத் தட்டறான். அவ வந்து திறக்கறா. அப்ப அவ முகம் எப்படி இருக்கும்னு போடச் சொல்லுங்க. பத்திரிகைல இருக்கற படத்தையே குடுங்க, அதுதான் முகம்.

வந்துருச்சா, காட்டுங்க. இந்தக் கோட்டு போட்ட வெள்ளைக்காரன் யாரு, நானா? சரி இருக்கட்டும். அவ சிரிக்கிறா. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறா. இந்த ஆப் எல்லாத்தையும் சிரிக்க வச்சிரும் தம்பி, நான் இதை நம்ப மாட்டேன். அவ இப்படிச் சிரிக்கற ஆளும் இல்லை. அதுக்கு நான் ஒண்ணும் செஞ்சும் வைக்கலை. அந்தச் சூடத்தை நான் அணைச்சிருக்கக் கூடாது.

இன்னொண்ணு போடச் சொல்லுங்க. அவளுக்குக் கோவம், கதவைச் சாத்தறான்னு எழுதுங்க. பாத்து வச்சுக்கிட்டாத் தேவலை, திடீர்னு நேர்ல பாத்தா நான் தாங்க மாட்டேன்.

இது என்ன, வெறும் கதவு மட்டும் இருக்கு? அவளைக் காணோமே. இல்லை தம்பி, திரும்ப எழுதுங்க. சாத்தட்டும், பரவாயில்லை, முழுசாச் சாத்தட்டும். சாத்தும்போது அவ முகம் எனக்குத் தெரியணும்.